4-க்கு 2 டைல்ஸ்: 6 மி.மீ. பல் கரண்டியில் பசை பாதிகூடப் பிடிக்கவில்லை. எந்த அளவு வாங்குவது?

காரைக்குடி வீடு எழுதியது:

வணக்கம். காரைக்குடியில் அம்மாவுக்காக ஒரு சிறிய வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். தரைத்தளம் மட்டும்தான், 1,100 சதுர அடி. கூடம், இரண்டு படுக்கையறை, சமையலறை எல்லாவற்றுக்கும் ஒரே டைல்ஸ்: 4-க்கு 2 அடி விட்ரிஃபைடு, 9 மி.மீ. கனம், குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்த சரக்கு. ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பதினைந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

ஒரு கரண்டிக்காக இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. இப்போது குடியிருக்கும் வீட்டில் 2014-ல் 2-க்கு 2 விட்ரிஃபைடு போட்டோம். கலவையை விரித்து, மேலே சிமென்ட் பால் ஊற்றி, டைல்ஸை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்கினார்கள். மூன்றாம் வருடமே சில இடங்களில் நடக்கும்போது சத்தம் மாறியது. விரல் மூட்டால் தட்டினால் வெறும் பானையைத் தட்டியது போலக் கேட்கும். ஒரு நாள் சமையலறையில் எரிவாயு உருளையை இறக்கி வைத்தபோது ஒரு டைல்ஸின் மூலை உடைந்து உள்ளே அமுங்கிவிட்டது. அதைப் பெயர்த்தபோது எனக்கு அதிர்ச்சி. அடிப்பக்கத்தில் சிமென்டின் சுவடே இல்லை. கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மாற்றுவதற்குள் அந்த விளிம்பு அம்மாவின் காலைக் கிழித்துவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காயம் ஆற ஐந்து வாரம் ஆயிற்று.

அதனால்தான் இந்த முறை டைல்ஸ் பசையால் மட்டுமே ஒட்டுவது என்று முடிவெடுத்து 20 கிலோ மூட்டை இருபது வாங்கி இறக்கிவிட்டேன். ஒரு மூட்டை 50 முதல் 60 சதுர அடி வரை போகும் என்று கடையில் சொன்னார்கள்.

சனிக்கிழமை சிறிய படுக்கையறையில் வேலை தொடங்கியது. எங்கள் மேஸ்திரி அண்ணன் நல்ல வேலைக்காரர். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் அவர் போட்ட தரையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பசையை விரிக்க அவரிடம் இருப்பது, விளிம்பில் 6 மி.மீ. பல் வெட்டிய ஒரு கரண்டி மட்டும்தான். பசையை அரைவட்டம் அரைவட்டமாக இழுத்து டைல்ஸை வைத்தார். இரண்டாவது டைல்ஸை வைத்த கையோடு தூக்கிக் காட்டச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் தூக்கினார். அடிப்பக்கத்தைச் சாக்பீஸால் அரையடிச் சதுரங்களாகப் பிரித்தேன். நீளத்தில் எட்டு, அகலத்தில் நான்கு, மொத்தம் 32 கட்டங்கள். பசை நன்றாகப் பிடித்திருந்தவை 13 கட்டங்கள்தான். நடுவில் ஒரு முறத்தின் அளவுக்கு ஒன்றுமே ஒட்டவில்லை.

“அப்படியானால் நாலு மூலையிலும் நடுவிலும் பசையை உருண்டையாக வைத்துவிடலாம், தூக்கிக் கொடுக்கும்” என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. திங்கள்கிழமை வரை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

10 மி.மீ. போதுமா, 12 வேண்டுமா? பல் சதுரமாக இருக்க வேண்டுமா, வளைவாகவா? இருபது மூட்டை போதுமா? இதையெல்லாம் அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்பதும் எனக்கு ஒரு கேள்விதான். அவருக்கு 50 வயதுக்கு மேல். கைத்தொழிலில் எனக்கு ஒன்றும் தெரியாது.

சீமைக் கட்டடம் எழுதியது:

நான் 25 வருடமாகச் சிவகங்கை, தேவகோட்டைப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கிறேன். பசைக்குச் செலவழிக்கும் பணம் தேவையற்றது என்பது என் கருத்து. செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மூன்று தலைமுறை தாண்டி இன்றும் இருக்கிறது. அதற்கு யார் பசை தடவினார்கள்? கலவையைச் சரியான பதத்தில் போட்டு, சிமென்ட் பாலைக் கெட்டியாக ஊற்றி, நன்றாகத் தட்டினால் எந்த டைல்ஸும் நிற்கும். உங்கள் பழைய வீட்டில் கலவையில் சிமென்ட் குறைந்திருக்கும்.

தஞ்சைத் தரைவேலை எழுதியது:

சகோதரி, நான் டைல்ஸ் வேலை மட்டும் 22 வருடமாகச் செய்கிறேன். அதில் ஒன்பது வருடம் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளில். அங்கே முதல் வாரம் நான் போட்ட தரையில் மேற்பார்வையாளர் வந்து ஒரு டைல்ஸைத் தூக்கினார். உங்கள் டைல்ஸில் இருந்தது போலத்தான் இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அந்த அறை முழுவதையும் எடுக்கச் சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அன்று கற்றுக்கொண்டதுதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. நீங்கள் தூக்கச் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. சாக்பீஸ் கட்டம் நான் கேள்விப்படாத முறை. இனி நானும் செய்யப் போகிறேன்.

முதலில் மேலே எழுதியிருக்கும் ஐயாவுக்கு ஒரு பதில். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாத கல். சிமென்டும் மணலும் சாயமும் சேர்த்துக் கண்ணாடியின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. அதன் முதுகு சொரசொரப்பானது, தண்ணீரைக் குடிக்கும். சிமென்ட் பால் அதற்குள் இறங்கிக் கெட்டிப்படும்போது கல்லும் தரையும் ஒன்றாகிவிடும். விட்ரிஃபைடு அப்படி இல்லை. அது தண்ணீர் குடிக்கும் அளவு தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் போகாது. கண்ணாடியின் மேல் ஊற்றிய சிமென்ட் பால் காய்ந்ததும் எப்படிப் பெயர்ந்து வருமோ அப்படித்தான் இதிலும் வரும். சகோதரியின் பழைய வீட்டு டைல்ஸ் சுத்தமான முதுகோடு வந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். கலவையில் சிமென்ட் குறைந்திருந்தால் கலவைதான் உதிர்ந்திருக்கும். டைல்ஸின் முதுகில் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

இப்போது கரண்டிக்கு வருகிறேன். 12 மி.மீ. சதுரப் பல் வாங்குங்கள். பல்லின் அகலம் 12, பல்லுக்கு நடுவே இடைவெளி 12, ஆழமும் 12 இருக்க வேண்டும்.

ஏன் 12 என்று சொல்கிறேன். பல் கரண்டியால் இழுத்தால் பசை வயல் வரப்பு போல நிற்கும். ஒரு வரப்பு, ஒரு சால், மறுபடியும் ஒரு வரப்பு. இரண்டும் ஒரே அகலம் என்றால் டைல்ஸ் அழுத்தும்போது வரப்பு சரிந்து பக்கத்துச் சாலை நிரப்பும், உயரம் பாதியாகும். ஆக, 6 மி.மீ. பல்லைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தாலே அழுத்திய பின் 3 மி.மீ.தான் மிஞ்சும். யாரும் கரண்டியைச் செங்குத்தாகப் பிடிப்பதில்லை. சாய்க்கச் சாய்க்க வரப்பு குட்டையாகும். உங்கள் மேஸ்திரியின் கரண்டியில் கடைசியில் இரண்டரை மி.மீ. நின்றிருக்கும். நாலடி நீள டைல்ஸ் சூளையிலிருந்து வரும்போதே நடுவில் ஒரு மி.மீ. வளைந்து வருவது வழக்கம். இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் சேர்த்து வைத்துப் பாருங்கள், இடுக்கில் வெளிச்சம் தெரியும். தரையிலும் அங்கங்கே ஒன்று, ஒன்றரை மி.மீ. பள்ளம் இருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அந்த இரண்டரை மி.மீ. பசை டைல்ஸின் நடுமுதுகைத் தொடவே தொடாது. நீங்கள் பார்த்த முறம் அளவு வெற்றிடம் அதுதான். 12 மி.மீ. பல்லை 60 டிகிரி சாய்வில் பிடித்தால் அழுத்திய பின் ஏறக்குறைய 5 மி.மீ. கிடைக்கும். இந்த வளைவையும் பள்ளத்தையும் அது தாங்கும்.

10 மி.மீ. தவறில்லை. 2-க்கு 2 டைல்ஸுக்கு நான் அதைத்தான் எடுக்கிறேன். உங்கள் தரை கண்ணாடி போல இருந்தால் நாலடிக்கும் போதும். ஆனால் கரண்டி வாங்க 12-க்கே போய்விடுங்கள். வளைவுப் பல்லும் நல்லதுதான், பசை சுலபமாகச் சரியும். அதற்காகத் தேடி அலைய வேண்டாம். கூர்ப்பல் மட்டும் வேண்டாம், அதில் நிற்கும் பசை மிகக் குறைவு.

வாங்கும் கரண்டியை அளவுகோல் வைத்துப் பார்த்து வாங்குங்கள். தேய்ந்த பல் கண்ணுக்குத் தெரியாது. என்னிடம் ஒரு 12 மி.மீ. கரண்டி ஒரே வருடத்தில் 10 ஆகிவிட்டது. காரைக்குடிக் கடைகளில் 12 கிடைக்காவிட்டால், கனமான எஃகுத் தகடு ஒன்றை வெல்டிங் பட்டறையில் கொடுத்துப் பல் வெட்டச் சொல்லலாம். நான் ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் அப்படித்தான் செய்துகொண்டேன்.

கரண்டி மட்டும் மாறினால் போதாது. இழுக்கும் விதமும் மாற வேண்டும். அரைவட்டமாக இழுத்தால் வரப்பு சுற்றிச் சுற்றிப் போகும், நடுவில் காற்று சிறைப்படும், பசை சரிய இடம் இருக்காது. நேர் உழவு போல ஒரே திசையில் இழுக்க வேண்டும். அதுவும் டைல்ஸின் குட்டைப் பக்கத்துக்கு இணையாக. அப்போது காற்று நாலடி ஓட வேண்டியதில்லை, இரண்டடியில் வெளியேறிவிடும். டைல்ஸை வைத்த பிறகு வரப்புக்குக் குறுக்காக, அதாவது நீளவாக்கில், ஒரு வரப்பின் அகலத்துக்கு முன்னும் பின்னும் நகர்த்தி அழுத்த வேண்டும். ரப்பர் சுத்தியலால் தட்டுவதைவிட இந்த நகர்த்தல்தான் வரப்பைச் சாய்க்கும்.

டைல்ஸின் முதுகை வைப்பதற்கு முன் பாருங்கள். வெள்ளையாக மாவு போல ஒரு பூச்சு இருக்கும். சூளை உருளையில் டைல்ஸ் ஒட்டாமலிருக்கத் தடவுவது அது. விரலால் தேய்த்தால் வரும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, கரண்டியின் பல் இல்லாத பக்கத்தால் முதுகு முழுவதும் பசையை மெல்லியதாக அழுத்தித் தேய்க்க வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல, அவ்வளவு மெலிசாக. முதுகில் உள்ள சிறு பள்ளங்கள் நிரம்பிவிடும். தரையில் இருக்கும் பசை வெறும் டைல்ஸைப் பிடிப்பதைவிட இந்தப் பசையை விரைவாகப் பிடிக்கும். இதை விட்டுவிட்டால் 12 மி.மீ. கரண்டியிலும் 80 சதவீதத்தைத் தாண்டுவது கஷ்டம்.

உருண்டை வைப்பது வேண்டவே வேண்டாம். உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம் என்பது உங்களுக்கே தெரியும். கட்டில் காலோ எரிவாயு உருளையோ அந்த வெற்றிடத்தின் மேல் இறங்கினால் உங்கள் பழைய சமையலறைதான்.

மூட்டைக் கணக்கு: கடையில் சொன்ன 50, 60 சதுர அடி என்பது 3 மி.மீ. கனத்துக்கான கணக்கு. 12 மி.மீ. கரண்டியும் முதுகுப் பூச்சும் சேர்ந்தால் என் அனுபவத்தில் ஒரு மூட்டை 35 சதுர அடி. உங்களுக்கு 32 மூட்டை வரை ஆகும்.

மேஸ்திரி விஷயம். அவர் என்னைப் போன்றவர், அதனால் சொல்கிறேன். வாயால் சொல்ல வேண்டாம். புதுக் கரண்டியை நீங்களே வாங்கி அவர் கையில் கொடுங்கள். ஒரு டைல்ஸை அவர் முறையில், இன்னொன்றை இந்த முறையில் வைத்து, இரண்டையும் அவரே தூக்கிப் பார்க்கட்டும். இன்னொன்றையும் மறக்காதீர்கள். சதுர அடிக்குக் கூலி பேசியிருப்பீர்கள். முதுகு துடைப்பது, பூசுவது, தூக்கிப் பார்ப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும். பத்து டைல்ஸ் போடும் நேரத்தில் ஏழுதான் போட முடியும். கூலியைக் கூட்டிக் கொடுக்காமல் இந்த வேலையைக் கேட்பது நியாயம் இல்லை. பல வீடுகளில் பசை பிடிக்காமல் போவதற்குக் கரண்டியைவிடக் கூலிதான் காரணம் என்பேன்.

காரைக்குடி வீடு எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. கூலியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது சங்கடமாக இருந்தது. சதுர அடிக்குத்தான் பேசியிருக்கிறேன், அதுவும் பேரம் பேசிக் குறைத்திருக்கிறேன். நாளைக் காலையில் முதல் வேலையாக அதைச் சரிசெய்கிறேன்.

இங்கே கடைகளில் 6-ம் 8-ம்தான் இருக்கின்றன. மதுரையில் ஒரு கடையில் 10-ம் 12-ம் இருப்பதாகச் சொன்னார்கள். தம்பி பஸ்ஸில் போய் இரண்டையும் வாங்கி வருகிறான். மூன்று கரண்டியிலும் ஒவ்வொரு டைல்ஸ் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நிலைமட்டம் எழுதியது:

நான் கட்டடப் பொறியாளர். தஞ்சை நண்பர் சொன்ன முறையில் திருத்த ஒன்றும் இல்லை. கரண்டியைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

தரை மட்டம். பத்தடி நீள மட்டப்பலகையைத் தரையில் வைத்து அடியில் எங்காவது 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால், அந்தப் பள்ளத்தை முதல் நாளே நிரப்பிக் காயவிடுங்கள். பெரிய பல் கரண்டியை வைத்துப் பள்ளத்தைச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பசை காயும்போது சுருங்கும். ஓரிடத்தில் 5, ஓரிடத்தில் 12 மி.மீ. என்று இருந்தால் சுருக்கமும் ஒரே அளவில் இருக்காது, விளிம்புகள் ஏறி இறங்கும்.

பசை மூட்டையில் டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 15477-ம் அதற்குப் பக்கத்தில் டைப் என்ன என்பதும் அச்சிட்டிருக்கும். இந்த அளவு விட்ரிஃபைடுக்கு டைப் 2-க்குக் கீழே போகாதீர்கள். டைப் 1 என்றால் மூட்டையைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு பிடித்தால் போதும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 32 கட்டம் போட்டு எண்ணுபவருக்கு ஓர் எல்லை தெரிய வேண்டும். அமெரிக்காவின் ஆன்சி தர விதி உலர்ந்த உள்தரைக்குக் குறைந்தது 80 சதவீதம், குளியலறைக்கும் வெளித்தரைக்கும் 95 சதவீதம் என்கிறது. உங்கள் கணக்கில் முதலாவது 26 கட்டம், இரண்டாவது 31. மிச்சம் விடுபடும் கட்டமும் மூலையிலோ விளிம்பிலோ இருக்கக் கூடாது. உடைவது எப்போதும் அங்கேதான் தொடங்கும்.

இது வைகாசி. காரைக்குடி வெயிலில் பசை விரித்த பத்து நிமிடத்தில் மேலே ஆடை கட்டிவிடும், பால் ஆறும்போது கட்டுவது போல. அடியில் ஈரமாக இருக்கும், மேலே ஒட்டாது. விரலால் தொட்டால் விரலில் பசை வர வேண்டும். வராவிட்டால் சுரண்டி எறிய வேண்டும், தண்ணீர் தெளித்து உயிர்ப்பிக்கப் பார்க்கக் கூடாது. ஜன்னல்களைத் துணியால் மறைத்து, காலை ஆறரைக்கே தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு டைல்ஸுக்கு மட்டும் பசை விரிக்கச் சொல்லுங்கள். தரையை முன்கூட்டியே நனைத்து வையுங்கள், ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது.

பக்கத்து டைல்ஸ்களின் விளிம்பை ஒரே மட்டத்தில் பிடிக்கும் மட்டக் கிளிப் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். அது விளிம்பை இழுத்துப் பிடிப்பதற்கு மட்டுமே. பசை குறைவான இடத்தில் கிளிப்பை இறுக்கினால் தாழ்ந்த டைல்ஸ் மேலே எழும்பி அடியில் புதிதாக ஒரு வெற்றிடம் உண்டாகும். மேலே மட்டம் அழகாக இருக்கும், தட்டினால் தெரியும்.

சுவரோரம் 5 மி.மீ. விட்டுவிடுங்கள். ஸ்கர்ட்டிங் அதை மூடிவிடும்.

காரைக்குடி வீடு எழுதியது:

செவ்வாய்க்கிழமை முடிவுகளை எழுதுகிறேன். இது வேறு யாருக்காவது உதவட்டும்.

காலையில் மேஸ்திரி அண்ணனிடம் முதலில் கூலியைப் பேசினேன். கூட்டிக் கொடுப்பதாகச் சொன்னதும் “எதற்கு?” என்றார். “முதுகு துடைக்க, பூச, தூக்கிப் பார்க்க” என்றேன். சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சித்தாளிடம் பசை கலக்கச் சொன்னார். தண்ணீரில் தூளைப் போட்டு, ஐந்து நிமிடம் அப்படியே வைத்து, மறுபடி கலக்கிய பிறகுதான் எடுக்க வேண்டும் என்று மூட்டையில் போட்டிருந்ததை நான் படித்துக் காட்டினேன். அதுவரை கலந்த உடனே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் 10 மி.மீ. கரண்டி, நேர் வரப்பு, முதுகில் பூச்சு இல்லை. 24 கட்டம்.

அடுத்து 12 மி.மீ., நேர் வரப்பு, முதுகில் பூச்சு இல்லை. 26 கட்டம், ஆனால் விட்டுப்போன ஆறில் இரண்டு ஒரே மூலையில் இருந்தன.

பிறகு 12 மி.மீ., முதுகைத் துடைத்துப் பூசி, வைத்து, நீளவாக்கில் நகர்த்தியது. அதைத் தூக்கவே முடியவில்லை. கண்ணாடிக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் காற்று உறிஞ்சும் கைப்பிடி இரண்டைப் போட்டு, ஒரு பக்கத்தைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தார்கள். உறிஞ்சும் சத்தத்தோடு மேலே வந்தது. 31 கட்டம். வரப்பே தெரியவில்லை, முதுகு முழுவதும் ஒரே பசை.

மேஸ்திரி அண்ணன் அந்த டைல்ஸை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு தன் பையிலிருந்த 6 மி.மீ. கரண்டியை எடுத்து, “இது சுவருக்கு ஆகும்” என்று சித்தாளிடம் கொடுத்தார். சனிக்கிழமை போட்ட நான்கு டைல்ஸில் நான் தூக்கச் சொன்னது ஒன்றுதான். மற்ற மூன்றையும் நான் கேட்காமலே பெயர்க்கச் சொன்னார். அதில் ஒன்று உடைந்தது. அதற்கு என்னிடம் வருத்தம் தெரிவித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூடம் முடிந்துவிட்டது. 240 சதுர அடிக்கு 7 மூட்டை ஆயிற்று. தஞ்சை அண்ணன் சொன்ன கணக்குக்கு மிக நெருக்கம். இன்னும் 12 மூட்டை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு அறையிலும் முதல் டைல்ஸையும், பிறகு பதினைந்துக்கு ஒன்றையும் தூக்கிப் பார்க்கிறோம். சாக்பீஸ் இப்போது அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

பெரிய படுக்கையறையில் மட்டும் ஒரு இடத்தில் 22 கட்டம்தான் வந்தது. மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் கதவோரம் 5 மி.மீ. பள்ளம். அன்றைக்கு அந்த அறையை நிறுத்திவிட்டுப் பள்ளத்தை நிரப்பினார்கள். நிலைமட்டம் ஐயா எழுதியிருக்காவிட்டால் கரண்டியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

நேற்று மாலை அம்மாவை ஆட்டோவில் அழைத்து வந்தேன். பசை இறுகிய அறையில்தான் நடக்கவிட்டேன். கைத்தடியால் அங்கங்கே தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். எல்லா இடத்திலும் ஒரே கல் சத்தம். “இதில் வெறுங்காலோடு நடக்கலாம்” என்றார்.

இனி மிச்சம் குளியலறை. அதற்கு வாங்கியிருப்பது 1-க்கு 1 அடி, சொரசொரப்பான டைல்ஸ். முதுகில் ஆழமான கட்டம் கட்டமான பள்ளங்கள் இருக்கின்றன. தண்ணீர் போக வாட்டம் வேறு இருக்கிறது. அதற்கும் 12-ஐயே எடுப்பதா?

தஞ்சைத் தரைவேலை எழுதியது:

மிக்க மகிழ்ச்சி சகோதரி. உங்கள் மேஸ்திரிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தான் போட்டதைத் தானே பெயர்ப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

குளியலறைக்கு 12 வேண்டாம். சிறிய டைல்ஸில் அவ்வளவு பசை போட்டால் இடுக்கு வழியே பிதுங்கும், வாட்டத்தில் டைல்ஸ் சறுக்கும், மட்டம் பிடிக்க முடியாது. 8 மி.மீ. சதுரப் பல் சரியாக இருக்கும். உங்கள் ஊரிலேயே கிடைக்கிறது. முதுகுப் பள்ளங்களைப் பூசி நிரப்புவது இங்கே இன்னும் முக்கியம். அந்தக் கட்டங்களில் வெற்றிடம் இருந்தால் தண்ணீர் இறங்கித் தேங்கும், பிறகு இடுக்குகள் கறுத்துப்போகும். வாட்டத்தைத் தரைக் கலவையிலேயே கொடுத்துவிடுங்கள், பசையில் கொடுக்க வேண்டாம்.

இதன் முதுகை 32 ஆகப் பிரிக்க முடியாது. 16 கட்டம் போடுங்கள், பதினாறும் நிறைய வேண்டும். முதல் டைல்ஸைத் தூக்கியதும் எண்ணிக்கையை இங்கே எழுதுங்கள்.